ஆற்றங்கரையில் மாலுபாண்

“றொஷினி, ஒரு ஆள் ஆத்திலை விழுந்து செத்துப்போனால் முதல் என்ன செய்வினம்?”

“நனைவினம், அண்ணை.”

“செத்தவரைக் கேக்கேல்லையப்பா. வீட்டுக்காரரைக் கேக்கிறன்.”

“அழுவினம். பேந்து சுவாமியாரிட்டைப் போய் ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்குச் சொல்லுவினம்.”

“ஞானேந்திரன் சொன்னவரோ?”

நான் பிரேக்கை மிதித்தேன். கேள்விக்காக அல்ல, முன்னால் போன லொறிக்காக. காலை நேரத்தில் சம்பிளேன் பாலத்தில் கார் ஓட்டுவது என்பது உண்மையில் கார் நிறுத்திப் பழகுவதுதான். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும், அதுதான் எனக்கு எரிச்சல்.

கேட்டவர் தியாகலிங்கம். மொன்றியலில், கோட்-டே-நேஜில், தெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். பெயர்ப்பலகையைப் பார்த்தால் கொலை, கொள்ளை எல்லாம் வரும் என்று நினைப்பீர்கள். வருவது மாப்பிள்ளை விசாரணை. ‘ரொறன்ரோ மாப்பிள்ளை குடிப்பாரோ, ஏற்கெனவே கலியாணம் கட்டினவரோ’ என்று பெண் வீட்டார் கேட்பார்கள். நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு, ஓம், ரெண்டும்தான் என்று வந்து சொல்வோம். நான் றொஷினி, அவருடைய உதவியாளர். கார் ஓட்டுவது, பிரெஞ்சு கதைப்பது, கோப்பி வாங்குவது, அண்ணை பிழைவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வது எல்லாம் என் வேலை. கடைசி வேலைதான் கூட.

போன கிழமை பியர்பொன்ட்ஸிலிருந்து ஞானேந்திரன் வந்திருந்தார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. பங்குச்சபைத் தலைவர். கதிரை அடுக்குவதும் அவர், ஞாயிறு தவறாமல் மன்றாட்டு வாசிப்பதும் அவர். கூடவே தம்பியின் மனைவி அக்னெஸ். அக்னெஸ் விடாமல் நச்சரித்தபடியால்தான் வந்தோம் என்பதை ஞானேந்திரன் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

தம்பி பேனாட் அமெரிக்காவரைக்கும் வந்து சேர்ந்தவராம். போன ஒக்டோபரில் சென்-ஒபான் என்ற சின்ன ஊரில், றிஷ்லியூ ஆற்றில், ஏஜென்சிக்காரன் படகில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுவந்தானாம். பழைய கோட்டைக்கு முன்னால் படகு கவிழ்ந்ததாம். உடல் அமெரிக்கப் பக்கம் இழுபட்டுப் போய்விட்டதாம். பை மட்டும் எல்லைக்குக் கிட்டக் கரையொதுங்க, படகோட்டி எடுத்துக் கொடுத்தானாம். ஒரு நீலப் பையைத் தூக்கி மேசையில் வைத்தார். பொலிசுக்குப் போனால் எல்லாருக்கும் பிரச்சினை என்பதால் போகவில்லையாம்.

அண்ணை அப்போதே ஒன்று கேட்டார். “மனுசி கனடாவிலை. தமையன் கனடாவிலை. அமெரிக்காவாலை வாற ஆக்களை இப்ப திருப்பி அனுப்பினாலும், நெருங்கின சொந்தம் இஞ்சை இருந்தால் எல்லைக் கந்தோரிலை நேரை போய் நிண்டு அகதி அந்தஸ்து கேக்கலாமே. ஏன் ஆத்தாலை வந்தவர்?”

“ஏஜென்சிக்காரன் பேய்க்காட்டிப்போட்டான், தியாகு. பாவம், அவனுக்கு உந்தச் சட்டமெல்லாம் எங்கை தெரியும்?”

அக்னெஸ் அழவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தார்.

“ஏழு வருசமா அவற்றை வழியைப் பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப எட்டு மாசமா என்னத்தைப் பாக்கிறதெண்டு விளங்கேல்லை. செத்திட்டார் எண்டால் சொல்லுங்கோ, அழுதிட்டு எழும்புறன். இருக்கிறார் எண்டால் சொல்லுங்கோ, இன்னும் காத்திருக்கிறன். ரெண்டும் இல்லாமல் என்னாலை இருக்கேலாது.”

பேனாட்டின் படம் ஒன்று வாங்க நான் நோத்ர-டாம்-த-கிரேஸில் அக்னெசின் வீட்டுக்குப் போனேன். ஓர் அறை வீடு. கதவுக்குப் பின்னால் ஆண்களின் குளிர் ஜாக்கெட் ஒன்று தொங்கியது. விலை எழுதிய கடைச்சீட்டு இன்னும் அதன் கையில் ஆடிக்கொண்டிருந்தது. “ஒக்டோபர் எண்டால் குளிராயிருக்குமெல்லே, அதுதான் முதலே வாங்கி வைச்சனான்” என்றார். நான் படத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தால் மூக்குத்தான் முதலில் சிவக்கும், அது தொழிலுக்குக் கூடாது.

“பூசை வைக்கேல்லை அண்ணை,” என்றேன், பாலம் தாண்டியதும். “அக்னெஸ் அக்கா வைக்காதது சரி, அவ இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா. ஆனால் உந்த மனிசன் எட்டாம் நாள், முப்பத்தொராம் நாள் பூசை எல்லாம் ஊருக்குப் படிப்பிக்கிறவர். சொந்தத் தம்பிக்கு எட்டு மாசமா ஒரு பூசை இல்லை. உடல் கிடைக்கட்டும் எண்டு சொல்லுறாராம்.”

“ம்ம்” என்றார் அண்ணை. அவர் ‘ம்ம்’ என்றால் உள்ளே ஏதோ ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அல்லது பசிக்கிறது.

*

கனடாவில் பழைய சாமான் எதுவும் இல்லை என்பவர்களைச் சென்-ஒபானுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரே ஒரு தெரு. கல் வீடுகள். தகரக் கூரை போட்ட ஒரு கோயில். ஆற்றங்கரையில் கல்லுக் கோட்டை, அதற்கு முன்னால் தெற்கே பார்த்தபடி ஒரு பீரங்கி. அந்தக் காலத்தில் அமெரிக்கன் படகில் வந்துவிடுவான் என்று பயந்து வைத்ததாம். இப்போது அதே ஆற்றால் நாங்கள் வந்துவிடுவோம் என்று பயம். பீரங்கியைத் திருப்பவேண்டிய தேவைகூட வரவில்லை.

அண்ணை கோட்டைக்கு முன்னால் இருந்த படகுத்துறையில் போய் நின்றார். கவிழ்ந்த இடம் இதுதான். தெற்கே கையைக் காட்டி, “அங்காலை எல்லை. பை அங்கை ஒதுங்கினது” என்றார். பிறகு குடித்து முடித்த கோப்பிக் கப்பை ஆற்றில் போட்டார்.

காற்று இல்லை. கப் கொஞ்சநேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு அமெரிக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொன்றியல் பக்கமாக நகரத் தொடங்கியது.

“இதென்ன, மேலை போகுது!” என்றார் அண்ணை.

“மேலை இல்லை அண்ணை, வடக்கை போகுது. ஆறு அமெரிக்காவிலை இருந்து இஞ்சாலை வருது.”

“மாப்பிலை பாத்தனே! மேலையிருந்து கீழை ஒரு கோடு!”

“மாப்பிலை எல்லாக் கோடும் மேலையிருந்து கீழைதான். நீங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், உங்களுக்கு எங்கை ஆறு? கடலிலை போட்டது காத்துப் பக்கம் போகும், ஆத்திலை போட்டது ஆறு போற பக்கம்தான் போகும். எங்கடை அப்பாவைக் கேளுங்கோ, மன்னாரிலை அருவியாத்திலை விழுந்து எழும்பின மனிசன்.”

அண்ணை கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஞானேந்திரன் எந்த ஊர்?”

“இளவாலை.”

“அப்ப அவரும் என்னைப்போலை மாப்பைத்தான் பாத்திருக்கிறார்.”

“ஓம். கோட்டைக்கு முன்னாலை கவிழ்ந்த பை, எதிர்நீச்சல் அடிச்சு எல்லையிலை போய்க் கரையேறியிருக்கு. பேனாட்டை விடப் பைக்கு நல்லா நீந்தத் தெரியும்.”

அந்த நேரம் பின்னால் ஒரு சத்தம். “ஆற்றிலா குப்பை போடுகிறாய்? உன் வீட்டுக் குளியல் தொட்டியா இது?” பிரெஞ்சில் அப்படி ஏச்சு வாங்கி எனக்கு நல்ல பழக்கம். துறையடியில் உருளைக்கிழங்குப் பொரியல் கடை வைத்திருக்கும் பெண். அறுபதைத் தாண்டியிருப்பார், கையில் எண்ணெய் வடிக்கும் கரண்டி. அண்ணையை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

கிட்ட வந்ததும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். கரண்டி கீழே இறங்கியது.

“ஓ! நீங்கள் அந்த உறைப்புப் பாண்காரரின் ஆட்களா?”

“என்ன உறைப்புப் பாண், மதாம்?”

“உருண்டைப் பாண். உள்ளே மீன். மீனுக்குள் நெருப்பு! உங்களைப்போல ஒரு மனிதர், கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு, பூசை முடிய வாசலில் தட்டத்தோடு நின்று எல்லோருக்கும் கொடுத்தார். எங்கள் ஓர்கன் வாசிக்கிற கிழவர் தண்ணீர் தேடிக் கோயில் முழுக்க ஓடினார். நான் மூன்று தின்றேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சென்-அந்துவானுக்குச் சொன்ன வாக்கு என்றார்.”

கிஸ்லேன் என்று தன் பெயரைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலைத் திறந்து பூட்டுவதும் அவர்தானாம்.

அண்ணை என் கையைத் தட்டி, “என்ன சொல்லுறா? மொழிபெயரும்” என்றார்.

“மாலுபாண், அண்ணை. அந்தோனியாருக்கு நேர்த்தி. ஆரோ தமிழ் மனிசன் இஞ்சை வந்து மாலுபாண் குடுத்து நேர்த்தி தீர்த்திருக்கிறார்.”

“அதுக்கு ஏன் உமக்கு முகம் வெளுக்குது?”

“கேட்டது கிடைச்சால்தானே அண்ணை நேர்த்தி தீர்க்கிறது! கிடைக்காட்டில் அந்தோனியாரோடை சண்டை பிடிப்பம், சுருவத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பம். பாண் குடுக்கமாட்டம். அதோடை எந்தக் கோயிலிலை நேர்ந்தமோ அந்தக் கோயிலிலைதான் தீர்க்கவேணும். இல்லாட்டி ஆர் உந்தப் பட்டிக்காட்டுக்குப் பாண் கட்டிக்கொண்டு வருவினம்?”

அண்ணை சைவ சமயம். ஆனால் நேர்த்திக்கு விளக்கம் சொல்லவேண்டிய தமிழன் இன்னும் பிறக்கவில்லை. “எங்கடையிலும் உதுதான்,” என்றார் மெல்ல. “காவடி நேர்ந்தால், ஆருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் வந்து நிக்கவேணும்.”

“எங்கடையிலும்தான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“மதாமைக் கேளும்,” என்றார் அண்ணை. “அந்தக் கோட்டுப் போட்டவர் தனியவோ வந்தவர்?”

*

கோயில் வாசலில் ஒரு அறிவித்தல் பலகை. திருமுழுக்குகள், சூப் இரவு, காணாமல்போன பூனை. அவற்றுக்கு நடுவில், ‘பாண் பகிர்ந்த ஞாயிறு’ என்று யாரோ அழகாக எழுதி, கீழே ஒரு படம் குத்தியிருந்தார்கள்.

இடப்பக்கம் ஞானேந்திரன், தட்டத்துடன், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்குப் போகிற முகம். பக்கத்தில் அவருடைய மனைவி மாக்கிரட். மாக்கிரட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன். தடித்த புருவம், நாடியில் ஒரு வெட்டுத் தழும்பு. ஒரு கையில் மாலுபாண், மறுகையில் இரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்குழந்தை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இளம் பெண். அவரைத் தவிர மற்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்னெஸ் தந்த படத்தை நான் கைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். புருவம் அதே புருவம். தழும்பு அதே தழும்பு.

அண்ணை படத்தில் அவர்களுக்குப் பின்னால் விரலை வைத்தார். வைக்கோல் கூரை, ஆட்டுக்குட்டிகள், ஒரு நட்சத்திரம். பாலன் குடில்.

“குடில் எப்ப வைப்பினம்?”

“நத்தாருக்கு.”

“அப்ப ஒக்டோபரிலை ஆத்திலை செத்த மனிசன், டிசெம்பரிலை கோயிலிலை நிண்டு மாலுபாண் குடுக்கிறார்.”

நான் பகிடி விடவேண்டிய இடம் இது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஜாக்கெட்டின் கடைச்சீட்டுத்தான் கண்ணுக்குள் வந்தது. “நாய்” என்றேன். கோயில் வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை. அந்தோனியார் கேட்டிருப்பார், கேட்கட்டும்.

மதாம் கிஸ்லேன் இன்னும் சொன்னார். அந்தக் கோட்டுக்காரர் ஒக்டோபரிலும் வந்தவராம். காரில் பத்து நிமிடம் போனால் எல்லைக் கந்தோர். அங்கே யாரையோ கூட்டிப்போக வந்து, உள்ளே விசாரணை முடியும்வரை காத்திருக்க முடியாமல் இங்கே வந்து முழங்காலில் நின்றாராம். பின்னேரம் ஒரு மனிதனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனார்களாம்.

“அப்ப ஆறும் இல்லை, படகும் இல்லை,” என்றார் அண்ணை. “தமையன் இருக்கிறார் எண்டு சொல்லி எல்லைக் கந்தோராலை நேரை நடந்து வந்திருக்கிறான். தமையனைச் சொன்னவன், மனுசியைச் சொல்லேல்லை.”

படத்தைக் கேட்டோம். மதாம் உடனே கழற்றித் தந்தார். பதிலுக்கு அந்தப் பாண் எப்படிச் செய்வது என்று நான் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

திரும்பி வரும்போது அண்ணை, “ரொறன்ரோவிலை பெரிய பெரிய துப்பறியிற ஆக்கள் இருக்கினம். ஏன் ஞானேந்திரன் எங்களிட்டை வந்தவர்?” என்றார்.

“மலிவு எண்டு.”

“இல்லை றொஷினி. அக்னெஸ் ஆரையாவது பிடிச்சுத் தேடச்சொல்லி நிண்டிருக்கு. தேடினமாதிரியும் இருக்கவேணும், கிடைக்கவும் கூடாது. மாப்பிள்ளை விசாரிக்கிறவன் என்னத்தைக் கண்டுபிடிக்கப்போறான் எண்டு நினைச்சிட்டார்.” கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எங்களாலை ஏலாது எண்டுதான் எங்களைப் பிடிச்சவர்.”

எனக்கு வந்த கோபத்தில் நெடுஞ்சாலையில் இரண்டு வெளிவழிகளைத் தவறவிட்டேன். எங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார் மனிசன். மிச்ச மிளகாயைத்தான் பாணுக்குள் போட்டிருக்கிறார்.

*

பியர்பொன்ட்ஸில் ஞானேந்திரன் வீட்டு முற்றத்தில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணை படத்தை நீட்டினார்.

“ஆர் எடுத்தது?” என்றார் ஞானேந்திரன்.

‘இது ஆர்’ என்று கேட்கவில்லை. வாசலில் நின்ற மாக்கிரட் படத்தைக் கண்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாங்கொக்கிலை அவனும் இவளும் ரெண்டு வருசம் ஒரே வீட்டிலை இருந்திருக்கினம், தியாகு,” என்றார் ஞானேந்திரன், படத்தில் இருந்த இளம் பெண்ணைக் காட்டி. “அவள் முதல் வந்து ரொறன்ரோவிலை இருந்திட்டாள். பிள்ளையும் பிறந்திட்டுது. எல்லையிலை இருந்து கூட்டிக்கொண்டு வரேக்கை, காருக்குள்ளைதான் எனக்கே சொன்னவன். நான் என்ன செய்ய? அக்னெஸ் நல்ல பிள்ளை. விட்டிட்டுப் போயிட்டான் எண்டு அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

“செத்திட்டான் எண்டு சொல்ல வாய் வந்ததே?” என்றேன் நான்.

“செத்தால் சனம் அழும், பிள்ளை. விட்டிட்டுப் போனால் சனம் சிரிக்கும்.”

“ஆரைப் பாத்துச் சிரிக்கும்? அக்னெஸ் அக்காவையோ, பங்குச்சபைத் தலைவரையோ?”

தண்ணீர்க் குழாய் அவருடைய சப்பாத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“அப்ப ஏன் அந்தோனியாரிட்டை மட்டும் போனீங்கள்?” என்றார் அண்ணை. “அதைச் செய்யாமல் விட்டிருந்தால் நான் ஆத்தங்கரையிலை நிண்டு பேந்து வீட்டை போயிருப்பன்.”

“நேர்ந்தாச்செல்லே. தீர்க்காமல் விடேலுமே? வீட்டிலை பிள்ளையள் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு. சுவாமியாருக்குப் பொய், அக்னெசுக்குப் பொய், எங்களுக்கும் பொய். அந்தோனியாருக்கு மட்டும் கடன் வைக்கப் பயம். பூசை வைக்காததும் அதனால்தான். உயிரோடு இருப்பவனுக்கு இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்க எந்த வேதக்காரத் தமிழனுக்குத் துணிவு வரும்? பெயர் வாசித்தால் அவனுக்கு ஏதாவது நடந்துவிடும் என்று குலைநடுங்குவோம்.

“ஒரு சொல்லுத்தான், தியாகு,” ஞானேந்திரன் அண்ணையின் கையைப் பிடித்தார். “தேடினம், கிடைக்கேல்லை எண்டு சொல்லிவிடும். அவள் அழுதிட்டு விட்டிடுவாள்.”

அண்ணை கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“நான் மாப்பிள்ளை விசாரிக்கிறவன், அண்ணை. பொம்பிளை வீட்டுக்கு முடிவைச் சொல்லாமல் ஒருநாளும் விட்டதில்லை.”

*

சொல்வது சுலபம். அக்னெசின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்ததும் அண்ணை படத்தை என் கையில் திணித்துவிட்டார். கடைசியில் நான்தான் படத்தை மேசையில் வைத்தேன்.

அக்னெஸ் அதை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

“மெலிஞ்சிட்டார்” என்றார்.

பிறகு, “பிள்ளைக்கு அவற்றை மூக்கு” என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, கப், கந்தோர், நேர்த்தி, பாங்கொக். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் கேட்டதே ஒரு முடிவுதான், அதையாவது முழுதாகக் கொடுக்க வேண்டும்.

“தட்டத்திலை உது என்ன?”

“மாலுபாண், அக்கா.”

அக்னெஸ் படத்தை மேசையில் வைத்தார்.

“நத்தாருக்கு மாக்கிரட் அக்கா எனக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தவ. கிடக்கிற துக்கத்திலை சமைச்சிருக்கமாட்டாய், தின் எண்டு சொல்லி, கிட்ட இருந்து தின்னப் பண்ணினவ. நல்லாயிருக்கு எண்டு சொல்லித் திண்டனான், தங்கச்சி. அவர் வந்து சேர்ந்ததுக்குக் குடுத்த பாணை, அவர் செத்திட்டார் எண்டு அழுதுகொண்டு திண்டனான்.”

அப்போதுதான் அழுதார். நான் கிட்டப் போய் இருந்தேன். என் மூக்குச் சிவந்தது, சிவக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுது முடிந்ததும் எழும்பி முகம் கழுவினார். கதவுக்குப் பின்னால் இருந்த ஜாக்கெட்டை எடுத்து, கடைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தார். “தியாகு அண்ணை, இது உங்களுக்கு அளவாயிருக்கும். உங்கடை கந்தோரிலை தொங்கின பழைய குளிர்க்கோட்டைப் பாக்கேலாமல் கிடந்தது.” ஆனி மாத வெக்கையில் அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

பிறகு அக்னெஸ் தொலைபேசியை எடுத்தார்.

“சுவாமி, நான் அக்னெஸ். ஓம். வாற ஞாயிற்றுக்கிழமை என்ரை அவருக்கு இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்குடுக்கவேணும். ஓம் சுவாமி, இப்ப முடிவு தெரிஞ்சிட்டுது.”

“அக்கா!” என்றேன். “உயிரோடை இருக்கிற ஆளுக்கு... பாவமெல்லே?”

“பாவம்தான்,” என்றார், தொலைபேசியை வைத்துவிட்டு. “அவையள் செய்ததுக்குப் பக்கத்திலை வைச்சுப் பாத்து ஆண்டவர் கணக்கெடுக்கட்டும்.”

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. எட்டு மாதம் கழித்து வைக்கிற பூசை என்றதால் ரொக்ஸ்பரோவிலிருந்துகூடச் சனம் வந்திருந்தது. அக்னெஸ் முன் வாங்கில், வெள்ளைச் சேலையில். நாங்கள் பின்னால். அண்ணை சைவம் என்றாலும் சப்பாத்தைக் கழற்றலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மன்றாட்டு நேரம் வந்தது. ஞானேந்திரன் வழக்கம்போல எழும்பிப்போய் வாசிக்கும் மேடையில் நின்றார். சுவாமியார் எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தார். திருத்தந்தைக்காக வாசித்தார். நோயாளிகளுக்காக வாசித்தார். மூன்றாவதில் அவருடைய குரல் நின்றது.

கோயில் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஞானேந்திரன் தாளைப் பார்த்தார், மாக்கிரட்டைப் பார்த்தார், கடைசியில் அக்னெசைப் பார்த்தார். இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லலாம். ஒரே ஒரு வசனம். சொன்னால் தம்பி பிழைப்பான், அவர் தலைகுனிவார்.

“வாசியுங்கோ, பெரியத்தான்” என்றார் அக்னெஸ், முன் வாங்கிலிருந்து, அமைதியாக.

அவர் வாசித்தார்.

“மரித்த எங்கள் சகோதரன் பேனாட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக...” மிச்சம் தொண்டைக்குள் போய்விட்டது. சனம் அதைத் துக்கம் என்று நினைத்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று உரத்துச் சொன்னது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தம்பியிலை எவ்வளவு உயிர், பாருங்கோ” என்றார். அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்திராவிட்டால் நான் எழும்பிக் கத்தியிருப்பேன்.

பூசை முடிய எல்லோரும் வரிசையில் நின்று ஞானேந்திரனுக்குக் கை கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு கையாக வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். வாசலில் அக்னெஸ் நின்றார். கையில் ஒரு பெரிய தட்டம், அதற்கு மேலே வெள்ளைத் துணி.

“வந்த எல்லாருக்கும் ஏதாவது குடுக்கவேணுமெல்லே,” என்று துணியை விலக்கினார். மாலுபாண். இன்னும் சூடு ஆறவில்லை. “ராத்திரி முழுக்க இருந்து சுட்டனான். எடுங்கோ, பெரியத்தான்.”

ஞானேந்திரன் அதைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பின்னால் சனம், முன்னால் தட்டம்.

“எடுங்கோ. நத்தாருக்கு நான் திண்டனான்தானே.”

அவர் ஒன்றை எடுத்தார்.

“இப்பவே தின்னுங்கோ.”

எங்கள் பங்குச்சபைத் தலைவர் கோயில் வாசலில் நின்று, கண்ணால் தண்ணீர் வடிய வடிய, கடைசித் துண்டுவரைக்கும் தின்றார். உறைப்பாக்கும் என்று யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள். அக்னெஸ் தட்டத்தை அடுத்த ஆளிடம் நீட்டினார்.